அம்மாவின் எடைக்கு ஒரு ராகி மூட்டை

அப்பா பஸ் ஷெட்டில் ஃபிட்டர். யுத்தம் தொடங்கியதும் மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கார் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தது. பந்தயத்துக்குச் செய்த வண்டி: நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மடக்கும் கித்தான் கூரை, இரண்டே இருக்கைகள். அதற்குள் கோழிகள் முட்டையிட்டிருந்தன. எடுத்துக்கொண்டு போ என்றார் முதலாளி. இரண்டு மாடுகளைப் பூட்டித் தருமபுரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு இழுத்து வந்தோம். எனக்குப் பதினான்கு வயது.

அம்மா அப்போது சேலத்துக்குத் தெற்கே ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அங்கே சேர்க்கப் போகும் வழியில் பஸ்ஸில் அவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். தொப்பூர் கணவாய்க்குக் கீழே கண்டக்டர் எங்கள் மூன்று பேரையும் இறக்கிவிட்டார். மிச்ச வழி மாட்டுவண்டியில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"திரும்ப வூட்டுக்கு வர்றப்போ எவன் மூஞ்சியும் பாக்காம வரணுங்க."

அப்பாவுக்கு அந்தக் கார் அதற்காகத்தான். ஓட்ட ஒரு இருக்கை, அவளுக்கு ஒன்று.

ஷெட்டு டிரைவர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். "என்னங்க மேஸ்திரி, வெள்ளக்காரன் தொரத்திவுட்ட கழுதைக்கு லாடம் அடிக்கிறீங்களா?"

"கழுதையில்லடா, குதிர. உன் பஸ்ஸு பின்னால நின்னு பொக குடிக்கப் போவுது பாரு."

இறுகிப்போன பிஸ்டன்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் காத்திருந்தோம். வால்வுகளை நான்தான் தேய்த்தேன். சொரசொரப்பான பசை தடவி, வால்வைப் பிடித்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். உடைந்துபோன பாகங்களுக்கு அப்பா பழைய பஸ் இரும்பை அராவிப் பொருத்தினார். தை மாதத்தில் ஒரு காலை இன்ஜின் பிடித்தது. கோழிகள் கூரை ஏறின.

அன்றே போயிருக்கலாம். டாக்டரும் அழைத்துப்போகலாம் என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் துருப்பிடித்த வண்டியில் அம்மாவை ஏற்ற அப்பாவுக்கு மனமில்லை. "அவ மொதமொத ஏறுற காரு, கண்ணு. பாத்தா ராணி மாதிரி ஏறணும்." நான்கு மாதம் சுரண்டினோம், பச்சை வர்ணம் அடித்தோம், இருக்கைக்குப் புதுத் தோல் தைத்தோம். அதற்குள் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. வெள்ளைக்காரர் போனபிறகு வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆளில்லை. பதிவில்லாத வண்டிக்குக் கூப்பனும் இல்லை.

பஸ்களெல்லாம் பெட்ரோலை விட்டு, கரியை எரித்து வரும் கேஸுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்பாவும் ஒரு பீப்பாய் அடுப்பை வண்டியின் பின்னால் மாட்டினார். கரியைப் பற்றவைத்து நான் அரைமணி நேரம் விசிறி சுற்றினால் இன்ஜின் கிளம்பும். சமதரையில் ஓடியது. சேலத்துப் பக்கமிருந்து வீட்டுக்கு வர வேண்டுமானால் தொப்பூர் கணவாயை ஏற வேண்டும். அங்கே கரி பஸ்களில் ஆண்கள் இறங்கித் தள்ளுவது வழக்கம். எங்கள் வண்டியில் தள்ள ஆளேது? பின்னால் பட்டாள லாரிகள் வரும். நடுமேட்டில் நின்றால் அம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏறிப் பார்த்தார். இரண்டாவது வளைவில் நின்றது. நான் இறங்கியதும் ஏறியது.

"நீ உங்கம்மாவைவிட கனம்," என்றார் அப்பா. "அவ கனம் சரியா வேணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒரு கார்டு வரும். காய்ச்சல், எடை, இரண்டு வரி. நான்தான் படித்துச் சொல்வேன். அந்த மாதம் எண்பத்திரண்டு ராத்தல், இன்றைய கணக்கில் முப்பத்தேழு கிலோ. மண்டிக்காரப் பாய் தராசில் எண்பத்திரண்டு ராத்தல் ராகி நிறுத்து, மூட்டை கட்டி, அம்மா உட்கார வேண்டிய இடத்தில் கயிறு போட்டுக் கட்டினோம். வண்டி மூன்றாவது வளைவில் நின்றது.

அதன்பிறகு வண்டியைக் குறைக்கத் தொடங்கினோம். உபரிச் சக்கரத்தைக் கழற்றினோம். கித்தான் கூரை, முன் விளக்குகளில் ஒன்று, கதவுகள். நான் சாம்பல் போட்டுத் துலக்கிய பித்தளைச் சட்டங்களை நானே கழற்றி வைத்தேன். புதுத் தோல் இருக்கையின் ஸ்பிரிங்கைக்கூட உருவி, அடியில் வைக்கோல் திணித்தோம். இன்னும் இரண்டு வளைவுகள் மிச்சமிருந்தன.

அடுத்த கார்டில் எழுபத்தாறு. மூட்டையை மறுபடி மண்டிக்குக் கொண்டுபோனோம். பாய் சிரித்தார். "எல்லாரும் மூட்டைய ரொப்ப வருவாங்க. கொறைக்க வர்றது நீங்க ஒருத்தருதான்."

"சம்சாரம் எடைங்க பாய்," என்றார் அப்பா.

பாய் மூட்டையிலிருந்து ஆறு ராத்தல் அள்ளினார். அள்ளிய ராகியைத் தனியே ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, என்னிடம் கொடுத்தார்.

மூன்றாவது கார்டில் அறுபத்தெட்டு. அதைப் படித்தபோது, எட்டு ராத்தல் குறைகிறது, ஏறிவிடும் என்று நினைத்தேன். சத்தமாகச் சொன்னேன் என்றும் ஞாபகம். அப்பா, "ஆமா கண்ணு," என்றார்.

ஏறியது. நான் கணவாய் உச்சியில் நின்றிருந்தேன். ஒரு வளைவிலும் நிற்காமல் பச்சை மூக்கு மேலே வந்தது. "ஏறிடுச்சு! ஏறிடுச்சு கண்ணு!" என்று கத்தியபடி அப்பா ஸ்டியரிங்கில் குத்தினார். பிறகு பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் தானாகவே அணையும் வரை அப்படியே இருந்தார். நான் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மறுநாள் விடியலில் அவர் தனியாகக் கிளம்பிப் போனார். அடுத்த நாள் மாலை அம்மா வந்தாள். வழியில் யாரும் அவளை முறைக்கவில்லை, யாரும் இறங்கச் சொல்லவில்லை. கணவாய் அடிவாரத்தில் அவள் கேட்டாளாம்: "ஏறலன்னா சொல்லுங்க, நான் எறங்கித் தள்றேன்." அப்பா அதைச் சொல்லும்போது சிரித்தார். வண்டி மூட்டையை ஏற்றியதைவிட லேசாக ஏறியது என்பதையும் சொன்னார். அறுபத்தெட்டு என்ற அந்தக் கார்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கதவில்லாத பக்கமாக அவளைத் தூக்கி இறக்கினார். அவள் வண்டியை ஒருமுறை பார்த்தாள். "இதுக்கா இத்தன மாசம்? கதவுகூட இல்லையே."

"கதவு இருக்குது. கழட்டி வெச்சிருக்கோம்," என்றேன்.

பத்தொன்பது நாள் இருந்தாள். மூலையில் கிடந்த மூட்டை எதற்கு என்று ஒருநாள் கேட்டாள். களிக்கு என்று சொன்னேன்.

துக்கத்துக்கு ஏரியூர்ப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். கடைகளில் அரிசி கிடைக்காத காலம். பெரியம்மா மூட்டையை அவிழ்த்து அரைக்க எடுத்துப்போனாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. களி உருண்டை வந்தபோது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். ஐந்தாம் நாள் மூட்டை காலியானது. மூட்டையில் குறைத்ததைப் பாய் தனியே கட்டிக் கொடுத்த சாக்கை நோக்கிப் பெரியம்மா கைநீட்டியபோதுதான் அப்பா, "அது வேண்டாம்மா," என்றார்.