பேத்தியின் கை தளர்ந்தபோது நான் போட்ட குலவை

போன வருடம் சங்கராந்தி விடுமுறை முடிந்து காலேஜ் திறந்த கையோடு, ஹைதராபாத்தில் என் பேத்தி படிக்கும் என்ஜினியரிங் காலேஜ் மைதானத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். மகனுக்கு மத்திய அரசு வேலை, மெட்டுகுடாவில் வீடு. வீட்டுக்காரர் போன பிறகு நானும் இங்கேயே வந்துவிட்டேன். பேத்திக்குச் சின்ன வயதிலிருந்தே கை சும்மா இருக்காது. குக்கர் மூடி, பிளாஸ்டிக் வாளி, அவள் அப்பாவின் முதுகு, எது கிடைத்தாலும் தாளம்தான். இப்போது சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். இவள் டிரம்ஸ். கிளாஸ் விட்டதும் இரானி கடையில் டீயும் பிஸ்கட்டும், பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு பாட்டு. கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடை. ஞாயிற்றுக்கிழமை நாச்சாரத்தில் ஒரு சிநேகிதியின் அப்பா நடத்துகிற லேத் பட்டறையில் ஒத்திகை. அன்றைக்கு மெஷின் ஓடாது, சத்தம் என்று சண்டைக்கு வரவும் ஆள் இருக்காது. நான் புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே போவேன். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். எனக்கு எதற்குப் பஞ்சு? அந்த அடி நெஞ்சில் வந்து இடிப்பதுதானே சுகம்.

"ஊர்க்கதை போதும், விஷயத்துக்கு வாங்க அத்தை" என்கிறாள் மருமகள். வருகிறேன்.

அதற்கு முந்தின வருடக் காலேஜ் விழாவில், பாட்டுப் போட்டிக்கு இந்தப் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். பாதிப் பாட்டில் மைக் படுத்துவிட்டது. பின்னாலிருந்த பையன்கள் ஹோவென்று கத்த, என் பேத்தி குச்சியைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அதன் பிறகு எத்தனையோ மாதம் டிரம்ஸ் பக்கமே போகவில்லை. வாளி கூடச் சத்தம் போடாமல் கிடந்தது. வீடு வீடாகவே இல்லை. சிநேகிதிகள் வந்து கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த முறை சம்மதித்தாள். அப்போதே சொல்லிவிட்டாள்.

"அப்பத்தா, இந்தத் தடவையும் நடுவுல எறங்கிட்டேன்னா, இனிமே குச்சியைத் தொடவே மாட்டேன்."

"நான் வர்றேன்டி பாக்க."

"நக்கோ, வேணாம் அப்பத்தா. அம்மா அப்பாவையே வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"அவுக வரலைல்ல. அந்த எடத்துலதான் நான் வர்றேங்கிறேன்."

சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன, பட்டுப்புடவை கட்டி, குளிருக்கு மகனுடைய ஸ்வெட்டரை மேலே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் தெலுங்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நான் யாருடைய பாட்டி என்று விசாரித்து, பாப்கார்ன் எல்லாம் கொடுத்தார்கள். பல் செட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால் வேண்டாம் என்றேன்.

இவர்கள் முறை வந்தது. முதல் பாட்டு ஜோராகப் போனது. இரண்டாவது பாட்டில் திடீரென்று மைக் செட்டுக்குக் கரண்ட் போய்விட்டது. விளக்கு எரிகிறது, மைக்கும் கிட்டாரும்தான் ஊமை. பாடுகிற பெண்ணின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாமே, அது மட்டும் தனியாக ஓடுகிறது. பின்னாலிருந்து அதே ஹோ. போ, போ என்று விசில். என் பேத்தி தலையைத் திருப்பி மேடைப் படியைப் பார்த்தாள். அவள் கை தளர்ந்தது. அடிக்கு அடி தாமதம். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கை தளர்வதை நான் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் அம்மாவோடு நடவுக்குப் போனவள் நான். வெயில் ஏற ஏற, குனிந்த இடுப்பு நிமிராமல் பெண்களுக்குக் கை ஓடாது. அப்போது யாராவது ஒருத்தி குலவை போடுவாள். நாக்கைச் சுழற்றி அவள் ஒரு குரல் எடுத்தால், வயல் முழுக்க அதை வாங்கித் திருப்பிப் போடும். கை தன்னால் வேகம் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு விஷயம். எங்கள் பக்கம் தாலி இறக்கியவள் நல்ல காரியத்தில் குலவை போட மாட்டாள். வீட்டுக்காரர் போனதிலிருந்து நானும் போட்டதில்லை. பேரனுக்குக் காது குத்தியபோது கூட மற்றவர்கள் போட, நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். பிள்ளைக்கு ஆகாமல் போய்விடக் கூடாதே என்ற பயம்தான்.

அன்றைக்கும் அந்தப் பயம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்தப் பிள்ளை படியில் இறங்கிவிட்டால் அதைவிட ஆகாதது வேறு என்ன இருக்கிறது? பல் செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன். எழுந்து நின்றேன். போட்டேன்.

இத்தனை வருடம் கழித்தும் குரல் அப்படியே வந்தது. எனக்கே மயிர் சிலிர்த்துவிட்டது. விசில் அடித்தவர்கள் நிறுத்திவிட்டு, எங்கே என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். மேடையில் பேத்தி என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் வெட்கம், முகம் சிவந்துபோனது. நான் மறுபடியும் போட்டேன். நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் அவள் தடதடவென்று ஒரு அடி அடித்தாள் பாருங்கள், அடடா. நான் ஒன்று போட, அவள் ஒன்று அடிக்க.

பக்கத்துப் பெண்கள் இன்னொரு தரம் போடச் சொல்லி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார்கள்.

"அம்மம்மா, மள்ளீ, மள்ளீ!"

"ஒத்தையா எவ்வளவு நேரம்டி போடுவேன், நீங்களும் போடுங்க" என்று தமிழில் சொல்லி நாக்கைச் சுழற்றிக் காட்டினேன். புரிந்துகொண்டார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. ஒருத்திக்கு இருமல் வந்தது, ஒருத்திக்குக் குதிரை கனைப்பது போல வந்தது. ஆனாலும் விடவில்லை. வரிசை வரிசையாகப் பின்னால் பரவி, கத்திக்கொண்டிருந்த பையன்கள் வரைக்கும் போய்விட்டது. அவர்களும் நாக்கைத் துருத்திக்கொண்டு முயற்சி செய்கிறார்கள். கரண்ட் வந்தபோது என் பேத்தி அடியை நிறுத்தவே இல்லை. கிட்டார் வந்து அதில் சேர்ந்துகொண்டது, பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடியது. கடைசி அடி வரைக்கும் அடித்துவிட்டுத்தான் எழுந்தாள் என் தங்கம். மைதானமே எழுந்து கை தட்டியது.

இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். கொடுத்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஊரிலிருந்து நாத்தனார் போன் பண்ணினாள். அவளும் என்னை மாதிரி தாலி இறக்கியவள்தான். யாரோ எடுத்த வீடியோ அவள் வரைக்கும் போயிருக்கிறது.

"என்ன மதினி இது, நாம போடலாமா? அதுவும் புள்ள மேடையில நிக்கையில."

"போட்டாச்சுத்தா. புள்ள நல்லாத்தான் இருக்கா. இந்தா, காலையிலயே வாளிய எடுத்துத் தட்ட ஆரம்பிச்சுட்டா, கேக்குதா?"

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பல்லு செட்டக் கழட்டிட்டா போட்டீக?"

"கழட்டித்தான் போடணும். கதவச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பாரு."

என் வாயால் என் பிள்ளைகளுக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்று இத்தனை வருடம் பயந்து வாயை மூடிக்கொண்டே இருந்துவிட்டேன். அதே வாயால்தான் என் பேத்தி மேடையில் நின்றாள் என்று நினைக்கும்போது, இப்போதும் எனக்குத் தனியாக உட்கார்ந்து சிரிக்கத் தோன்றுகிறது.