அம்மாவைப் பார்க்காத சட்டம்

நான் அவிநாசியில் பிறந்தவள். என் கணவர் பினாங்கில் பிறந்தவர். அவருடைய அப்பா இந்தியக் குடிமகன் என்பதால் அவரும் இந்தியக் குடிமகன். எங்கள் மகளும் பினாங்கில்தான் பிறந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில், அவளுக்கு மூன்று வயதானபோது கணவருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, ஊர் திரும்பினோம். அங்கே பிறந்ததால் மகள் மட்டும் மலேசியப் பாஸ்போர்ட்டில், விசாவோடு வந்தாள்.

அவளுக்குக் குடியுரிமை கேட்டுக் கோவை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். கிளார்க் காகிதங்களைப் புரட்டினார்.

"உங்க ஊட்டுக்காரரும் வெளிநாட்டுல பொறந்தவருங்க. பாப்பா பொறந்த ஒரு வருசத்துக்குள்ள அங்கிருக்கிற இந்தியத் தூதரகத்துல பதிஞ்சிருக்கோணுமுங்க."

"நான் இங்க பொறந்தவதானுங்களே? அவ எம் பொண்ணுதானுங்களே?"

"சட்டத்துல அப்பாவைத்தானுங்க பாக்கறாங்க. அம்மாவைப் பாக்கறதில்லீங்க."

பத்து மாதம் சுமந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூதரகத்துக்கு எழுதினோம். குழந்தை இந்தியாவில் இருப்பதால் அங்கேயே விசாரிக்கவும் என்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால், "அங்க பொறந்த கொழந்தைக்கு அங்கதானுங்க கேக்கோணும்" என்றார் அதே கிளார்க்.

மூன்றாவது தடவை, மகளை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரியின் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தார். இந்தியரின் மைனர் குழந்தை என்று இங்கேயே விண்ணப்பித்துப் பதிவு செய்யலாம் என்றார்.

வெளியே வந்து கிளார்க்கைக் கேட்டேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"நீங்க கேக்கலீங்களே."

விசாவை இரண்டு முறை நீட்டித்து, ஒருவழியாகச் சான்றிதழ் கைக்கு வந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள். கணவர் லட்டு வாங்கி வந்தார். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.