பொள்ளாச்சியில் நின்ற நீலப்புள்ளி

என் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் இரண்டு என்று அவளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். எடுக்காவிட்டால் ஹாஸ்டல் வார்டனுக்குப் போடுவேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தவள், பல்லடத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் போனைப் பிடுங்கி என்னவோ அமுக்கித் திருப்பிக் கொடுத்தாள். மேப்பில் ஒரு நீலப்புள்ளி. இதுதான் நான், இனி எங்கே இருக்கிறாய் என்று கேட்டுப் போன் வரக்கூடாது என்றாள்.

எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. வெங்காயம் உரிக்கும்போது புள்ளி, பால் காயும்போது புள்ளி. ஒருநாள் அது உக்கடம் பெரியகுளத்துத் தண்ணீருக்குள் போய் நின்றது. பதறிப்போய்க் கூப்பிட்டால், அவள் பஸ்ஸில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். விட்டால் நானே குளத்தில் குதித்திருப்பேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆனால் போகிற வருகிற சாக்கில் அவரும் என் போனை எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் தோழிகளோடு வால்பாறை போவதாகச் சொல்லியிருந்தாள். மலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் புள்ளி பொள்ளாச்சிக்குப் போய் ஒரு டிபன் கடையில் நின்றது. நின்றது எந்தத் தெரு என்று பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. என் அண்ணன் மனைவி, நாங்கள் நங்கை என்று கூப்பிடுகிறவர், குடியிருக்கும் தெரு. கடைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான்.

எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் தெருவுக்குள் போய்விட்டு வீட்டுப்படி ஏறாமல் திரும்பினால் அது சின்ன விஷயமில்லை. ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிற கல்யாணம், காதுகுத்து ஒவ்வொன்றிலும் அந்தப் பேச்சுதான் ஓடும். என் பிள்ளைக்கு அந்தப் பேர் வரக்கூடாது என்று நங்கையைக் கூப்பிட்டேன். "புள்ள உங்க தெருக் கடைலதான் இருக்குதுங்க. உங்களைப் பாக்காம போயிறப் போகுது," என்றேன். அப்போது என்னைப் போலப் பொறுப்பான தாய் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

நங்கை நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கே போய்விட்டார். பாதித் தோசையில் என் மகளோடு சேர்த்து ஐந்து பெண்களையும் எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, அது போதாதென்று இனிப்புக்குப் பூரணம் வைத்து ஒப்புட்டும் தட்டினார். நடுவில் ஒவ்வொருத்தியாக விசாரணை வேறு. அப்பா எஸ்டேட்டில் வேலை என்று ஒரு பெண் சொன்னதும், மேனேஜரா என்று கேட்டிருக்கிறார். இல்லை, தேயிலை பறிக்கிற வேலை என்றாள் அந்தப் பெண். அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் என்ன ஆளுங்க என்றும் கேட்டிருக்கிறார்.

வெளியே விட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. இனி மலை ஏறினால் அன்றைக்கே திரும்ப முடியாது. எல்லோரும் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். சாயங்காலம் என் போனில் நீலப்புள்ளி இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் சண்டை போட்டேன். நானாகக் கூப்பிடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன். உண்மையில் அவள் இனி எதையும் என்னிடம் சொல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்தான்.

அடுத்த வாரம் வந்தாள். சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க இருக்கேன்னு நீங்க பாக்கறதுக்குத்தானுங்கம்மா குடுத்தேன். அங்க ஆள் அனுப்பறதுக்கு இல்லைங்க," என்றாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அப்பா எஸ்டேட்டில் வேலை என்று சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டுக்கு விருந்துக்குக் கிளம்பியிருந்தார்கள். எஸ்டேட்காரர்கள் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் அவள் அம்மா அத்தனை பேருக்கும் சமைத்து வைத்திருந்தார்.

நான் சமைத்து வைத்த விருந்துக்கு யாராவது வராமல் போயிருந்தால் பத்து வருஷம் சொல்லிக் காட்டியிருப்பேன். அந்தம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். மறுபடியும் போகப்போகிறோம், அப்போது பார்க்கலாம் என்றாள். புள்ளியைத் திரும்பப் போட்டுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது என்பது வேறு.

அவர்கள் மறுபடி வால்பாறை போன அன்று காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. சட்னிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மத்தியானம் மகள் அவளாகவே கூப்பிட்டாள். சாப்பிட்டாயிற்று, சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறி வந்திருக்கிறோம் என்றவள், தோழியின் அம்மாவிடம் போனைக் கொடுத்தாள்.

நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார். "புள்ளைங்க நல்லா சாப்பிட்டாங்கக்கா. நீங்க கவலைப்படாதீங்க," என்றார்.

அன்றைக்கு நடந்ததற்கு என்னை ஏசிவிடுங்கள் என்றேன்.

"சாப்பாடு கெடக்கட்டுங்கக்கா. அன்னிக்கு மழை வேற. மலை ரோட்டுல பஸ்ஸுக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு நெனச்சுட்டேன். ஒவ்வொரு பஸ்ஸா வளைவுல நின்னு பாத்தேன். வர மாட்டாங்கன்னு மக எஸ்டேட் கடைக்குப் போன் போட்டு, கடைக்காரர் வந்து சொன்னப்ப இருட்டிப் போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஐந்து பெண்களும் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புள்ளியைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.