இரைச்சலில்லாத பெட்டி

ஒலிப்பதிவைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக நான் வாழ்ந்தது மொத்தம் மூன்று வாரம். என் மனைவிக்கு மிக முக்கியமான மூன்று வாரமும் அதுவேதான். இதைத் தற்செயல் என்று சொல்ல அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரு காரியம் அவசரமாக ஆகவேண்டியிருக்கும்போதுதான் எனக்குள் தூங்கும் நிபுணன் கண்விழிப்பான்.

அவள் வீணை வாசிப்பவள். கோயமுத்தூரில் இருந்தவரை வருடத்துக்கு ஏழெட்டு மேடை ஏறிக்கொண்டிருந்தாள். எனக்கு ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்து, அவளையும் வீணையையும் புனேவுக்குக் கூட்டிவந்த பிறகு ஒன்பது வருடமாக அவளுடைய கச்சேரியெல்லாம் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறையில், அலமாரிக்கு எதிரே. இந்த நிலையில் சென்னை சபா ஒன்று, வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மத்தியான மேடைகள் தருவதாக அறிவித்தது. இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஒரே வாசிப்பாக இருக்கவேண்டும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, கம்ப்யூட்டரில் மெருகேற்றக்கூடாது. ஏப்ரல் கடைசி ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும்.

அறிவிப்பை அவள் என்னிடம் காட்டவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். தயிர் எடுக்கப் போனபோது நானாகப் படித்துவிட்டேன்.

"எப்படிப் பதிவு பண்ணப்போற?" என்றேன்.

"ஃபோன்லதாங்க. பதிஞ்சு அனுப்பிவிட்டாப் போச்சு."

"வீணையை ஃபோன்லயா?"

நான் கேட்ட தொனியிலேயே அவளுக்கு விஷயம் புரிந்திருக்கவேண்டும். தயிர்ப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க இதுக்குள்ள வராதீங்க" என்றாள்.

நான் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் என் பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு. ஃபோன், மெல்லிய சத்தத்தைத் தானாகத் தூக்கும், பெரிய சத்தத்தைத் தானாக அமுக்கும். வீணையின் கமகம் தேய்ந்து அடங்கும் இடத்தில் அது ஏதோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடும், தோட்டக்காரர் வேலிச் செடியை வெட்டுகிற மாதிரி. அதனால், கனடா போகிற அலுவலக நண்பரிடமிருந்து ஒரு நல்ல கண்டென்சர் மைக்கைப் பாதி விலைக்கு வாங்கினேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்று வீட்டிலேயே இருந்தது. தினம் ஒரு தலைப்பில் உலகத்தோடு பேசப்போகிறேன் என்று பாட்காஸ்ட் தொடங்குவதற்காக வாங்கியது. உலகத்தோடு இரண்டு நாள் பேசினேன்.

முதல் நாள் சோதனை. அவள் ஒரு தந்தியை மீட்டினாள். ஹெட்ஃபோனில் வீணை கேட்டது. கூடவே ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அப்படி, ஆனால் அடங்காமல்.

உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். மைக்கிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சாரம். அதைப் பெரிதாக்குவதற்குப் பெட்டிக்குள் இருக்கும் பகுதிக்குப் பெயர் ப்ரீஆம்ப். மட்டமான ப்ரீஆம்ப், வாத்தியத்தைப் பெரிதாக்கும்போது தன் சொந்த மூச்சிரைப்பையும் சேர்த்துக் கொடுக்கும். தவில் வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வீணைக்குத் திருகியை முக்கால்வாசிக்கு மேல் திருப்பவேண்டும், அப்போது தெரிந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டியது நல்ல ப்ரீஆம்ப்.

"பட்ஜெட் பத்தாயிரம்" என்றாள் மனைவி. நட்சத்திரம் பார்க்கிறேன் என்று டெலஸ்கோப் வாங்கி, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பதை மட்டும் கண்டுபிடித்தவன் நான். அவள் எச்சரிக்கையில் தவறில்லை.

அலுவலகத்தில் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று முடிவெடுக்கும் குழுவில் எனக்கு ஆறு வருட அனுபவம். அதே முறையைக் கையாண்டேன். பதினோரு ப்ரீஆம்ப்கள், ஒன்பது கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் விகிதம். இரைச்சல் அளவுக்கு இவ்வளவு, சத்தத்தைக் கூட்டும் திறனுக்கு இவ்வளவு, திருகியைத் திருப்பும்போது கைக்குக் கிடைக்கும் சுகத்துக்கு இவ்வளவு. விகிதத்தை மாற்றினால் முதலிடமும் மாறியது. எனக்குப் பிடித்த பெட்டி முதலிடத்துக்கு வரும்வரை மாற்றினேன். அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வோம். அந்தப் பெட்டியின் விலை பட்ஜெட்டைப்போல ஆறு மடங்கு.

இந்தப் படிப்பில் நான் கற்றுக்கொண்ட பெரிய தத்துவம் ஒன்று உண்டு. ப்ரீஆம்பின் இரைச்சலை மைனஸ் எண்ணில் எழுதுவார்கள். மைனஸ் நூற்றிருபது என்றால் சுமார், மைனஸ் நூற்றிருபத்தெட்டு என்றால் அற்புதம். மைனஸ் கூடக் கூட நல்லது. இதை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டேன்.

பட்ஜெட்டுக்குள் வரும் ஒரு பெட்டியை, பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் ஆன்லைனில் தருவித்தேன். அப்புறம் தொடங்கியது ஒப்பீடு. பழைய பெட்டி, புதிய பெட்டி, மறுபடி பழையது. ஒவ்வொன்றுக்கும் அவள் அதே இரண்டு நிமிட ஆலாபனையை அதே அழுத்தத்தில் வாசிக்கவேண்டும். ஃபேன் சத்தம் கேட்கும் என்பதால் ஃபேன் கிடையாது. ஏப்ரல் மாதம். வெளிச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் ரஜாயை, அதாவது கனத்த பஞ்சுப் போர்வையை, தொங்கவிட்டிருந்தேன். ஃபிரிட்ஜையும் அணைத்திருந்தேன். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன், அவள் எனக்குத் தெரியாமல் பெட்டியை மாற்றுவாள், நான் மதிப்பெண் போடுவேன்.

"இது நல்லா இருக்கு. ஒரு கதகதப்பு இருக்கு" என்றேன் ஐந்தாவது முறை.

"அப்படிங்களா. இது?"

"இது கொஞ்சம் வெறிச்சுனு இருக்கு. நடுவுல ஒரு பள்ளம் தெரியுது."

"இது?"

"இதுதான். இதுல தந்தியோட உலோகமே கேக்குது."

அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது தடவைக்கு அப்புறம் நான் பெட்டியை மாத்தவே இல்லைங்க. கை வலிச்சுது, அதே பெட்டியிலயே வாசிச்சுட்டிருந்தேன்."

மதிப்பெண் எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். புதிய பெட்டியிலும் அதே இரைச்சல்தான், திருப்பி அனுப்பினேன்.

அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அவள் ஒருமுறைகூட முழுசாக இருபது நிமிடம் வாசித்திருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு அனுப்பலைன்னா இனி அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் எனக்கு இந்தத் தைரியம் இருக்குமான்னு தெரியலைங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன். கோபப்படவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

அப்போதாவது நான் ஃபோனை எடுத்துக் கையில் கொடுத்திருக்கவேண்டும். ஃபோனை எடுத்தேன்தான். புனேயின் இன்னொரு பக்கம், கட்கியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரைக் கூப்பிட்டேன். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துக்காரர், என் வயதுதான். ஆடிக் கூழுக்கும் கணபதி பந்தலுக்கும் அவர்தான் மைக் செட். என் பட்டியலில் முதலிடம் பெற்ற அதே பெட்டி அவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"கீது சார். சண்டே காலையில ஒரு சாக்கர்புடா கீது, அதை முட்ச்சிட்டு எட்த்துனு வரேன்" என்றார். சாக்கர்புடா என்றால் இந்த ஊரில் நிச்சயதார்த்தம். அது முடிந்து அவர் வர மூன்று மணியாகிவிட்டது.

வந்தவரை எங்கள் குடியிருப்பின் வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். விருந்தாளி என்றால் ஆப்பில் நான் சம்மதிக்கவேண்டும், பெரிய பெட்டியோடு வருபவர் என்றால் சொசைட்டி அலுவலகத்தின் சம்மதமும் வேண்டும், அலுவலகத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை மத்தியான ஓய்வு. நான் அப்போதுதான் மைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய பெட்டியில் சத்த அளவு பார்க்கத் தொடங்கியிருந்தேன். "நீ கை பழகிட்டு இரு, இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். காவலாளியிடம் என் இந்தியில் ஐந்து நிமிடம் பேசினேன். கட்கிக்காரர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மராத்தியில் இருபது நிமிடம் பேசினார். அதில் பாதி அவர்கள் இருவருக்கும் பொதுவான ஏதோ ஒரு கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி. வழி விட்டார்கள்.

மேலே வந்தபோது மனைவி தந்தி மீட்டும் கம்பி வளையமான மிஸ்ராப்பைக் கழற்றி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்கிக்காரர் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமல் நேராக மைக்கிடம் போய்க் குனிந்தார். அதன் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இந்த சுச்ச நீங்களா போட்டீங்க?"

மைக்கின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் பூஜ்யம், மறு பக்கம் மைனஸ் இருபது. மைக் வந்த அன்றே நான்தான் அதை மைனஸ் இருபதுக்குத் தள்ளிவைத்திருந்தேன், பெருமையோடு.

"ஆமாங்க. மைனஸ் இருந்தா இரைச்சல் குறையும்ல."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அரே தேவா. இது டோல் தாஷா மேளம் அடிக்கறவங்களுக்கு சார். சவுண்ட் ஜாஸ்தி வந்தா மைக் வாயை மூடறதுக்கு. நீங்க வீணை வாயை மூடிட்டு, அப்பால பேசு பேசுன்னு பொட்டியைத் திருவினு கீறீங்க. பொட்டி இன்னா பண்ணும், அதும்பாட்டுக்கு மூச்சு வாங்குது."

சுவிட்சைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார். என் பழைய பெட்டியின் திருகியைப் பாதிக்கும் கீழே இறக்கினார். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். இரைச்சல் போயிருந்தது. மூன்று வாரம், பதினோரு ப்ரீஆம்ப், ஒன்பது கட்டம். என் மனைவி என்னைப் பார்க்காமல் ரஜாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சுக்கோ" என்றேன்.

"அப்புறம் சிரிக்கறேன். மணி நாலாச்சு, வாசிக்கறேன்."

வாசித்தாள். பேகடாவில் ஆலாபனையும் தானமும். நான் ஒரு பக்கம் கைகட்டி நிற்க, கட்கிக்காரர் ஒரு பக்கம் நான் போட்டுக் கொடுத்த காபியோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, இரண்டு தடவை. ஒலி கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டையும் அங்கங்கே போட்டுக் கேட்டதும் அவள் தலையை ஆட்டினாள்.

"இது பரீட்சை எழுதற மாதிரி இருக்குதுங்க. தப்பில்லை, ஆனா ஒண்ணுமில்லை."

ஐந்தேகால். விரல் சிவந்திருந்தது. மூன்றாவது தடவை வாசிக்க அவளுக்குத் தெம்பில்லை என்பது எனக்கும் தெரிந்தது. சரி, இருப்பதில் ஒன்றை அனுப்பலாம் என்று லேப்டாப்பைத் திறந்தபோது, அந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொரு பதிவு இருந்தது. இருபத்தேழு நிமிடம். நான் அளவு பார்க்கத் தொடங்கிவிட்டு நிறுத்த மறந்து கீழே ஓடியது. மேலே வந்ததும் கவனிக்காமலே நிறுத்தியிருக்கிறேன்.

போட்டேன். முதலில் என் செருப்புச் சத்தம், கதவு மூடும் சத்தம். பிறகு ஸ்ஸ்ஸ் என்ற அந்தப் பழைய இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள் சும்மா ஒரு பிடியைத் தொட்டு, விட்டு, இன்னொன்றைத் தொட்டு, யாருக்காகவும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் தப்பு வந்தது, அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு வேறு வழியாக மேலே ஏறினாள். ஒன்பது வருடத்துக்கு முன் கோயமுத்தூரில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஆள் அவள். தானம் முடிந்தபோது கட்கிக்காரர் கையிலிருந்த இரண்டாவது காபி ஆடை கட்டிப்போயிருந்தது.

"இதுதாங்க" என்றாள்.

"ஆனா இரைச்சல்..."

"இருக்கட்டும்."

"முதல்ல செருப்பு, கதவு..."

"வெட்டக்கூடாதுன்னு போட்டிருக்காங்க. உங்க செருப்பும் சேர்ந்து போகட்டும்."

நான் கட்கிக்காரரை உதவிக்குப் பார்த்தேன். அவர் தாம் கொண்டுவந்த அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியின் மூடியைத் திறக்காமலே பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். "மேடம் சொல்றதை அனுப்புங்க சார். உங்க சத்தமில்லாத ரெண்டும் கேக்கும்போது நான் காபி குட்ச்சினு இருந்தேன்."

ஐந்து ஐம்பதுக்கு அவளே அனுப்பினாள். பட்டனை அழுத்த என்னை விடவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சபாவின் செயலாளர் அழைத்தார். அவள் பூரி பொரித்துக்கொண்டிருந்ததால் நான்தான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் ஒரு மத்தியான மேடை அவளுக்கு என்றார். அவள் அடுப்பை அணைத்தாள். ரொம்ப நன்றிங்க என்று மூன்று தடவை சொன்னாள்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார் செயலாளர். "கமிட்டில எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது அந்தச் சூழல்தான். யாரோ செருப்பைப் போட்டுண்டு வெளியில போறா, கதவு சாத்தறது, அப்புறம் பின்னாடி சோன்னு ஒரே மழை, நீங்க தனியா வாசிக்கறேள். அன்னிக்கு அங்கே நல்ல மழையோ?"

நான் வாயைத் திறந்தேன். அது மழையல்ல, மைக்கின் சுவிட்ச், அதன் பின்னணியில் இருக்கும் தத்துவம் என்னவென்றால் என்று தொடங்குவதற்குள், பூரிக் கரண்டி என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த மாதத்தின் எத்தனையாவதோ தண்ணீர் லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி. "அன்னிக்கு சரியான மழை."

ஃபோனை வைத்ததும், ஆகஸ்டில் நானும் கூட வந்து, அங்கே மைக் போடுகிறவரிடம் இரண்டே வார்த்தை பேசட்டுமா என்று கேட்டேன். டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்தே போடலாம் என்றாள். அரங்கில் கடைசி வரிசையில் உட்காரவேண்டும், தானம் முடியும்வரை எழுந்திருக்கக்கூடாது என்றாள்.