குளித்தவரைக் கேட்ட மெக்கானிக்

பால்துரை அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் குற்றாலத்தில் ஒரு விடுதியின் குளியலறையில் இருந்தேன். சுவரிலிருந்து இறக்கிய ஹீட்டரைத் தரையில் கிடத்தி, உள்ளே படிந்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகள்தான் பேசினாள்.

"மாமா, அப்பா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே..."

"இந்தா வாரேன்மா" என்று மட்டும் சொன்னேன். கை கழுவக் குழாயைத் திறந்த பிறகுதான் தண்ணீரை நானே அடைத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பொடி அப்பிய கையோடு தென்காசிக்கு வண்டியை ஓட்டினேன்.

அவர் வீட்டு வாசலில் நம் சங்கத்துத் தொழில்காரர்களான நீங்கள் பலர் நின்றிருந்தீர்கள். "அவரு கை வச்ச ஹீட்டர்ல ஒரு தப்பு நடந்ததுண்டா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் இல்லை என்று தலையசைத்தீர்கள். தெருமுனையில் வைத்த பலகையிலும் தவறே அறியாதவர் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்தச் சொல்லுக்குக் கீழே தன் படம் இருப்பதைப் பார்த்தால் அண்ணாச்சி எழுந்து உள்ளே போயிருப்பார். அவரே பலர் முன்னால் சொன்ன ஒன்றை நாம் மறந்துவிட்டோம். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் சேர்ந்து ஹீட்டர் பழுதுபார்க்கும் கடை நடத்தத் தொடங்கிய காலத்தில் அவர் அடக்கமானவர் அல்ல. குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. சீசனில் அருவியில் பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு வருகிறவர்கள், அறைக்குள் நுழைந்ததும் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போடுவார்கள். விடுதிக்காரர்கள் எங்களைத்தான் ஓடி வரச் சொல்வார்கள். அப்படிப் போன ஓரிடத்தில், ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று மேனேஜர் அதில் மரக்குச்சி ஒன்றை அடித்து இறுக்கி வைத்திருந்தார். அண்ணாச்சி அதைப் பிடுங்கி அவர் மேசையில் வைத்தார். "உள்ள ஆவி ஏறுனா வெளிய போக இருக்க ஒரே வழி இதுதான்வே. இதை அடைச்சா வெடிகுண்டைச் சுவத்துல மாட்டுன மாதிரி" என்று கத்தினார். சரியாகத்தான் சொன்னார். எப்போதும் சரியாகவே சொல்லிப் பழகியவருக்கு, அடுத்தவர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் குறைந்துபோயிருந்தது.

செங்கோட்டையில் ஒரு பழைய வீடு. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று கூப்பிட்டார்கள். நானும் உடன் போயிருந்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருந்தது. மாற்றியதும் நன்றாகவே சூடேறியது. கிளம்பும்போது அந்த வீட்டு மருமகள் செண்பகம் கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, குளிக்கையில குழாயைத் தொட்டா கை சுருக்குங்குது."

அண்ணாச்சி ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா."

"இல்லண்ணே, தினமும் இருக்கு."

அவர் சிரித்தார். "மனசுல பயம் வந்துட்டா எல்லாம் சுருக்குன்னுதான் இருக்கும். தைரியமாக் குளி." பின்னால் நின்றிருந்த மாமியாரும் சிரித்தார். செண்பகம் உள்ளே போய்விட்டாள்.

அண்ணாச்சி காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. அவள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குளிப்பவள். இந்த வித்தியாசம் நம் தொழிலில் யாருக்கும் தெரியாததல்ல. அன்று அது அவருக்குத் தோன்றவில்லை.

சில நாட்கள் கழித்து அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. செண்பகம் ஹீட்டரைத் தொடாமல் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்திருக்கிறாள். கேஸ் வீணாகிறது என்று தினமும் ஏச்சு. "மெக்கானிக்கே ஒண்ணுமில்லைன்னுட்டாரு, இவளுக்கு மட்டும் சுருக்குன்னுதாம்" என்று அக்கம்பக்கத்தில் கேலி. கடைசியில், பார், ஒன்றும் செய்யாது என்று காட்டுவதற்காக மாமியாரே ஹீட்டரைப் போட்டுவிட்டு ஈரக்காலோடு குழாயைத் திருகியிருக்கிறார். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்ததில் மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

நாங்கள் போய் ஹீட்டரைப் பிரித்தோம். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேலுறை வெடித்திருந்தது. மின்சாரம் அந்த வழியாகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அதை மண்ணுக்குக் கடத்த வேண்டிய எர்த் வயர், சுவருக்குள் எதிலும் சேராமல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வயரிங் நம்ம வேலை இல்லையே" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"வயரிங்கு எவனோ செஞ்சது. வார்த்தை நான் சொன்னதுவே" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் மாமியார், சுற்றிலும் மகனும் உறவுக்காரர்களும். அத்தனை பேர் நடுவில் அவர் செண்பகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீ சொன்னது முழுக்க உண்மைம்மா. நான்தான் சரியாப் பாக்காம, உன்னையும் கேலி பண்ணிட்டுப் போனேன். தப்பு என் மேல."

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். செண்பகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"உங்க சிரிப்பை வச்சுதாண்ணே என்னைய எல்லாரும் பைத்தியக்காரியாக்குனாவ" என்றாள்.

அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். வெளியே வந்து வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். "வண்டிய நீயே ஓட்டு."

மறுநாள் அந்த வீட்டுக் கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டினார். ஆள் வைக்கலாம் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. செண்பகம் பக்கத்தில் நின்று, "இந்த வயர் எங்கன போவுது? இது அறுந்தா எப்படித் தெரியும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி இவர் பதில் சொன்னார். புதுக் காயில் போட்டு, கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப்பரையும் மாட்டினார். மின்கசிவு காட்டும் மீட்டரை அவளையே பார்க்கச் சொன்னார். "இப்ப சரி" என்றாள்.

அந்த வெட்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. செங்கோட்டையில் வேலை இருந்தால் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவார். ஒரு கல்யாணத்தில் செண்பகத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமல் கிளம்பிவிட்டார். நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து இந்தக் கதையை அவரே சொன்னது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். "வெளிய சொல்லாதீய அண்ணாச்சி, வேலை வராது" என்று யாரோ சொன்னதற்கு, "சொல்லாட்டா எனக்குச் சோறு இறங்காது" என்றார். அப்போது சிலர் சிரித்தோம். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "யாரு குளிச்சது? அவங்களக் கூப்பிடுங்க" என்பதுதான். வீட்டு ஆண்கள் "என்கிட்டச் சொல்லுங்க" என்பார்கள். இவர் கருவிப்பையைத் திறக்காமல் நிற்பார். குளித்தவர் வந்து சொல்லி முடித்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். கோபம் மட்டும் கடைசிவரை குறையவில்லை. அதை என் மேல் காட்டினார்.

அவர் போன பிறகு, கடையத்தில் ஒரு வீட்டில் ஹீட்டருக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. உள் டேங்க் ஓட்டை, புதிதுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அடிமூடியைக் கழற்றிப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். காது இரண்டும் சுட்டது.

"நேத்து நான் சொன்னது தப்பா இருக்கலாம். இன்னொரு தடவை பாக்கட்டுமா?"

"அப்ப நேத்து பாக்கலியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"சரியாப் பாக்கல."

மூடியைக் கழற்றினேன். காயில் பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது, அவ்வளவுதான். டேங்கில் ஒரு கீறலும் இல்லை. வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு புது வளையத்தைப் பொருத்தினேன்.

பால்துரை அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தப்பாகச் சொன்ன வீட்டின் கதவை மறுபடி போய்த் தட்டுகிற வெட்கம்.