சில்லி என்று நான் அடித்துக் கொடுத்த தாள்

ரப்பர் பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றும் ஆசிட்டின் புளித்த வாடை எங்கள் ஆபீஸ் வரை வரும். சட்டையில் ஏறிவிட்டால் எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாது...

மலாயாவில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1920களின் நடுவில் அங்கே நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்தொன்று. மிஷன் பள்ளியில் ஏழாவது வரைதான் இங்கிலீஷ் படிப்பு. தலைக்கனம் மட்டும் அதற்கு மேல்.

ஈப்போ புந்தோங் கூட்டாளிகளே, போன வாரம் டீக்கடையில் யாரோ 'சில்லி' என்று சொன்னதும் நான் ஏன் பேச்சை நிறுத்திவிட்டேன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். கறியில் போடும் மிளகாய் இல்லை. ஆளை மடையன் என்று சொல்ல வெள்ளைக்காரத் துரைமார் வைத்திருந்த வார்த்தை.

எங்கள் தோட்டத்தில் மரம் சீவி முடித்து, பால் வடிந்து நின்றதும் ஸ்டோர் மணியை அடிப்போம். அது கேட்டால் கோப்பைப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வர வேண்டும். மழை வந்தால் மட்டும் மணி கிடையாது. மண்டோர்கள் என்கிற மேஸ்திரிகள் சத்தம் போட்டே ஆட்களைத் திருப்பிவிடுவார்கள். மழைத்தண்ணீர் விழுந்த பால் எதற்கும் ஆகாது.

ராசு அங்கே காண்டா தூக்குகிறவன். என் வயதுதான் இருக்கும். உடம்பு மாடு மாதிரி, மனசு ஐந்து வயதுப் பிள்ளை. அக்கா அஞ்சலையைத் தவிர அவனுக்கு நாதி இல்லை. மணி அடித்தால் பாலைக் கொண்டு போய்த் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று அவள்தான் பழக்கியிருந்தாள். சொன்னதைப் பிசகாமல் செய்வான். சொல்லாததைச் செய்யத் தெரியாது.

அன்று வானம் திடீரென்று இருண்டது. நாற்றங்கால் பக்கம் ஒரு மரத்தில் இடி விழுந்தது. மழைக்கு மணி கிடையாது என்பதையே பயத்தில் மறந்துவிட்டேன். ஆட்கள் சீக்கிரம் வந்து சேரட்டும் என்று, யாரையும் கேட்காமல் நானே ஓடிப்போய் மணியை அடித்தேன்.

மற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு லயத்து வீடுகளுக்கு ஓடினார்கள். ராசு ஓடவில்லை. கொட்டுகிற மழையில் மரம் மரமாக நின்று, வழிந்துகொண்டிருந்த கோப்பைகளை எல்லாம் வாளியில் ஊற்றியிருக்கிறான். ஸ்டோரில் அப்போது ஆள் இல்லை. தோட்டத்தின் வேறு பகுதியிலிருந்து முன்பே வந்த நல்ல பால் தொட்டியில் இருந்தது. அதன் தலையில் கொண்டு வந்து கொட்டிவிட்டான். அன்றைய பால் மொத்தமும் பாழ்.

துரை கத்தவில்லை. 'சில்லி ஃபெலோ' என்று மட்டும் சொன்னார். வேலைக்கு லாயக்கில்லாதவன், இந்தியாவுக்கே, ஊருக்குத் திருப்பி அனுப்பு என்று ஒரு தாள் டைப் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அதில் வந்த 'சில்லி'க்கு எழுத்துக் கூட்டிக் கேட்காமலே சரியாக அடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அஞ்சலை என்னிடம் வந்தாள். ஊரில் அவர்களுக்கு ஒரு கூரைகூட இல்லை, தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மணி அடிச்சது நீங்கதான கிராணி ஐயா? மணி கேட்டுத்தான் அவன் ஊத்துனான். தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். துரை அறை வாசல் வரை போகவும் செய்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தாளை மடித்து உறையில் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

பினாங்கில் இந்தியக் கப்பல் ஏற்ற ஆட்களைக் கொண்டுபோகும் லாரி வந்த அன்று, அஞ்சலையும் மூட்டையோடு நின்றாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. தம்பியைத் தனியாக விட மனசில்லை. ராசுவுக்கு லாரியில் போவதே குஷி. ஏறுவதற்கு முன் அவள் என்னிடம், துரை ஏதோ வார்த்தை சொன்னாராமே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்து மடையன் என்று சொல்ல நா எழவில்லை. அப்பாவி என்று அர்த்தம் என்றேன்.

மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பாவின்னு தெரிஞ்சுதான் அனுப்புறாங்களா?"

அவள் ஏறிக்கொண்டாள். லாரி போய்விட்டது. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா, எங்கே தங்கினார்கள்... ஒரு தகவலும் இல்லை.

பல வருஷம் கழித்து ஈப்போவில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த வார்த்தையைத்தான் தேடினேன். ஆதியில் அதற்கு 'பாக்கியம் பெற்ற, கடவுள் அருள் உள்ள' என்று பொருளாம். அப்புறம் 'கள்ளம் இல்லாத'. கள்ளம் இல்லாதவனை உலகம் மிதிக்கும் அல்லவா, அதனால் 'பாவப்பட்ட, இரக்கத்துக்குரிய' என்று ஆயிற்று. பிறகு 'பலவீனமான'. கடைசியில்தான் 'மடத்தனமான'. இரக்கப்பட வேண்டியவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபோது வார்த்தையும் கூடவே இறங்கிவிட்டது போலிருக்கிறது.

நான் அஞ்சலையிடம் சொன்ன பொய் ஒரு காலத்தில் மெய்யாக இருந்திருக்கிறது. ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகிவிட்டது.

இப்போது அந்தத் தோட்டமே துண்டு துண்டாக விற்றுப்போய்விட்டது. துரையும் இல்லை, பெரட்டும் இல்லை. நான் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடினால் என் பேத்தி, "டோண்ட் பி சில்லி லா, தாத்தா" என்று சிரிக்கிறாள். அவள் வாயில் அது கொஞ்சல். வார்த்தைக்கு மறுபடியும் நல்ல காலம் வந்துவிட்டது.

அன்று துரை வாசலில் எனக்கு வேண்டியிருந்தது மூன்றே மூன்று இங்கிலீஷ் வார்த்தை. 'ஐ ரேங் இட்.' மணியை அடித்தது நான்தான் என்று. ஏழாவது படித்தவனுக்கு அது பெரிய பாடம் ஒன்றும் இல்லை. இப்போது தினமும் சொல்லிப் பார்க்கிறேன், சுத்தமாக வருகிறது. கேட்க வேண்டியவர்கள்தான் யாரும் இல்லை.