காயாபுட்டி மரமும் என் மூச்சும்

முதலில் அதை மழைக்காலச் சளி என்றுதான் நினைத்தேன். விடியற்காலையில் நெஞ்சுக்குள் யாரோ ஊதல் ஊதுவதுபோல ஒரு சத்தம். ஐப்பசி பிறந்துவிட்டால் கோவில்பட்டியில் தீப்பெட்டி யூனிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலை, குச்சி காயாது. எங்கள் வீட்டில் குச்சியின் ஈரத்தைப் பற்றிப் பேசியதில் கால்வாசிகூட என் மூச்சைப் பற்றிப் பேசவில்லை. தொண்ணூறுகளின் பாதியில் தொடங்கிய தொல்லை இது.

பினாங்கில் கடை வைத்திருந்த என் தம்பி ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தான். காயாபுட்டித் தைலம். அங்கே சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு மரத்தின் இலையைக் காய்ச்சி வடிப்பதாம். சளி, தலைவலி, மூட்டுவலி, பூச்சிக்கடி, எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் அதைத்தான் தேய்ப்பார்களாம். கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு மோந்தால் நெஞ்சு வரை குளிர்ந்துபோகும். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே கேலி. "ஒனக்குப் பாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகாது. மரத்தையே வச்சிருதேன்" என்று நாற்றங்காலில் வேலை பார்த்த நண்பரிடம் ஒரு கன்று வாங்கிவந்தார். எந்த மரத்தைப் பார்த்தாலும் குச்சிக்கு ஆகுமா என்று பார்க்கிற மனிதர். "நெருப்புல வெந்தாலும் திரும்பத் துளிர்க்குமாம்லா. நம்ம தொழிலுக்கு ஏத்த மரம்!" என்று வீட்டை ஒட்டிய எங்கள் யூனிட்டுக்குப் பின்னால் பள்ளமான மூலையில் நட்டார்.

அது மோசமான மூலை. மழையில் கரிசல் சேறாகி வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். கோடையில் பாதம் நுழையும் அளவுக்கு வெடிக்கும். முருங்கையும் பப்பாளியும் அங்கே அழுகிப்போயிருந்தன. இது மட்டும் தாள் தாளாகப் பட்டை உரித்துக்கொண்டு வளர்ந்தது.

மரம் என் தலைக்கு மேலே போனபோது என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. திருநெல்வேலியில் ஒரு நெஞ்சு மருத்துவரிடம் போனோம். குழாய் ஒன்றை வாயில் வைத்து ஊதச் சொன்னார். அதிலிருந்த முள் பாதிகூட ஏறவில்லை. ஆஸ்துமா (மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்கி, காற்றுக்கு வழி குறையும் நோய்) என்றார். நான் தைலத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மூக்கடைப்புக்கும் வலிக்கும் தேய்ங்கம்மா, வேண்டாம்னு சொல்லல. குளுகுளுன்னு இருக்கிறதால மூச்சு வந்த மாதிரி தோணும். சுருங்குன குழாய் சுருங்குனபடிதான் இருக்கும். சிலருக்கு அந்த வாடையே இழுப்பைக் கிளப்பிவிட்டிரும்" என்றார். இன்ஹேலர் (மருந்தை நேராக மூச்சுக்குழாய்க்குள் அனுப்பும் சிறு உறிஞ்சி) இரண்டு கொடுத்தார். ஒன்று தினமும் எடுப்பது, மற்றது திணறும்போது எடுப்பது.

வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரரின் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அதை வாயில வச்சா பழகிரும், பொறவு விட முடியாது. சுமதிக்கு மாப்பிள்ளை பாக்குற நேரம். இழுப்பு வம்சம்னு ஒரு சொல்லு வந்துட்டா யாரு படியேறுவா? தைலம்னா சளின்னு நெனைச்சுக்கிடுவாவ."

எங்களில் இது வழக்கம்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் அம்மாவின் உடம்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் மகளின் கல்யாணம் என் நெஞ்சுக்கூட்டில் மாட்டிக்கொண்டது. இன்ஹேலர் இரண்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போயின. எதையும் தாங்குகிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரும் என்னை வாய் திறக்க விடவில்லை.

சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. கைக்குட்டை நனைய நனையத் தைலம் ஊற்றியிருந்தேன். காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன். "வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. அந்தத் திணறலை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

பட்டுப்புடவையோடு சுமதி அடுப்படிக்கு ஓடினாள். டிரம்மை நகர்த்தும் சத்தம் கேட்டது. வந்தவள் அத்தனை பேர் முன்னாலும் இன்ஹேலரைக் குலுக்கி என் வாயில் வைத்தாள்.

"நல்லா இழுங்கம்மா."

என் நாத்தனார் அவள் கையைப் பிடித்தார். சுமதி திரும்பவே இல்லை. "நாளைக்கு எனக்கும் வந்துச்சுன்னா, நான் எந்த டிரம்முக்குப் பின்னால போய் ஒளிய அத்தை?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி முகமூடி வழியாகத் தரும் கருவி) வைத்தார்கள். சில நாளில் வீடு வந்தேன். சாத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அழுதேன். சுமதி சிரித்தாள். "அந்த வீட்டுல மூச்சு விடதுக்கே அனுமதி வாங்கணும் போலிருக்கு. தப்பிச்சோம்."

மழை விட்டதும் அந்த மூலைக்கு நடந்துபோனேன். தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. மரத்தின் அடித்தண்டைச் சுற்றி, நீர்மட்டத்தை ஒட்டி, இளஞ்சிவப்பில் கொத்துக்கொத்தாகப் புது வேர். சீக்கு வந்துவிட்டதோ என்று பதறினேன். நாற்றங்கால் நண்பர் வந்து பார்த்தார். மண்ணுக்குள் இருக்கும் வேருக்குக் காற்றில்லாதபோது அந்த மரம் மேலே வேர் விட்டுத்தான் பிழைக்குமாம்.

அதுவரை தாங்குவது என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்றே நினைத்திருந்தேன். மரமோ ஊர் பார்க்க வேரை வெளியே விட்டுக்கொண்டு நின்றது. அன்றே இன்ஹேலரைக் கூடத்து டிவி மேல் வைத்தேன். அடுத்து வந்த விருதுநகர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள், கேட்டார்கள், சொன்னோம். சுமதி இப்போது அங்கேதான் இருக்கிறாள்.

நோய் போகவில்லை, போகாது என்றும் தெரியும். தினமும் மருந்து எடுக்கிறேன். முன்பெல்லாம் ஐப்பசிக்கு ஐப்பசி பயந்து வாழ்ந்தேன். இப்போது காலையில் எழுந்ததும் மூச்சை முழுதாக வெளியே விட்டுப் பார்க்கிறேன். அது வந்துவிட்டால் அன்றைய பொழுது என்னுடையது.

போன தை மாதம் தண்ணீர் வற்றி, அந்த வேர்களெல்லாம் காய்ந்து மரத்தில் தொங்கின. என் வீட்டுக்காரர் அசிங்கமாக இருக்கிறது என்று அரிவாளோடு போனார். நான் இந்தக் கோடியில், பின்வாசலில் நின்றிருந்தேன்.

"வெட்டாதீய! அடுத்த ஐப்பசியில அதுக்கு வேணும்! அது பாட்டுக்கு இருக்கட்டும், இங்கன வாங்க!"

அவர் அரிவாளை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். "ஏட்டி, இவ்வளவு சத்தமும் ஒனக்குள்ளயா இருந்துச்சு?" என்றார்.

நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.